கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மர ஸ்கேல்

என் கணவர் பகலில் தூங்குகிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் கடைகிற ஒரு கம்பெனியில் அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட்தான். ஊரெல்லாம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் பக்கம் ஓடுகிற நேரத்தில், இவர் காலி டப்பாவோடு பட்டாபிராமில் வந்து இறங்குவார். குளிப்பார், இட்லி சாப்பிடுவார், ஹாலில் பாயை விரிப்பார். தலையணையில் தலை வைத்த கையோடு குறட்டை கிளம்பிவிடும்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறை மேற்கு பார்த்தது. மத்தியானம் உள்ளே படுத்தால் ஆள் வெந்துவிடுவார். அதனால் ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே அவர் பாய், ஜன்னலோரம் என் மெஷின். நடுவில் கைக்கெட்டும் தூரம்தான். இவ்வளவு சத்தத்தில் மனுஷன் எப்படித் தூங்குகிறார் என்று துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். "பக்கத்துல பாம் போட்டாலும் ஏந்திரிக்க மாட்டேன்" என்று அவரே பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பெருமையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நான். அது ஒரே சீராகப் போகிற குறட்டை இல்லை. ஏறும், இன்னும் ஏறும், சட்டென்று நின்றுவிடும். நெஞ்சு மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். மூக்கிலும் வாயிலும் காற்று இருக்காது. வெளியே கீரைக்காரி கூவுவாள், தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும், இவரிடமிருந்து மட்டும் ஒன்றும் வராது. பிறகு, அடைத்துக்கொண்ட சிங்க் திறந்துகொண்ட மாதிரி ஒரு சத்தம். மறுபடி குறட்டை. மறுபடி ஏறும்.

முதலில் எழுந்துபோய்த் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். ஊசிக்கு அடியில் துணியை வைத்துக்கொண்டு எத்தனை தடவைதான் எழுந்திருப்பது? மெஷின் மேலே அளவு பார்க்கிற மர ஸ்கேல் கிடந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை எடுத்து விலாவில் ஒரு குத்து. உறுமிக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பார், மூச்சு வரும். நான் அடுத்த தையலுக்குப் போவேன். இப்படித்தான் ஆரம்பித்தது. நாளாக நாளாக, கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்றாகிவிட்டது. காது கேட்கும், இடது கை ஸ்கேலை எடுக்கும், குத்தும், வைக்கும். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டதும் கை தானாக அடுப்பைத் தணிப்பதில்லையா, அப்படி.

கரையான்சாவடியில் இருக்கும் அவருடைய அக்காவிடம் இதை ஒரு முறை சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "கொறட்டை உட்டா நல்லா தூங்குறான்னு அர்த்தம்மே. எந்தம்பி கவலையில்லாத மனுசன். நீதான் தூங்குறவன குத்திகினு கீற." அதற்குமேல் அவரிடம் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் உடம்பைப் பரிசோதிப்பார்கள். ஒரு வருடம் நர்ஸ் இவர் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தவள், உட்காரவைத்து மறுபடி பார்த்தாளாம். உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெரு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். குறையவில்லை. இன்னொன்று சேர்த்தார். அதற்கும் குறையவில்லை. மூன்றாவதும் சேர்ந்தது. ஒரு நாள்கூட விடாமல் போட்டார். பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தவள் நான். பிரஷர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

பழி யார் மேல் வந்தது? உப்பு போட்டவள் மேல். நாத்தனார் போன் பண்ணினால் எடுத்த எடுப்பில் அதே பேச்சுதான். "உங்கையில உப்பு ஜாஸ்திமே. எங்கம்மா சமைச்சி சாப்ட்டப்போ அவனுக்கு இதெல்லாம் வந்ததே இல்ல." ஊறுகாயை நிறுத்தினேன். அப்பளத்தை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தியதற்கு அவர் என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சப்பென்று ஆக்கிய குழம்பை இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டோம். அடுத்த முறை பிரஷர் பார்த்தபோது முன்பைவிட ஏறியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உப்பு ஜாடியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

தெரு டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத் துடிப்பு நடுநடுவே தாளம் தப்புகிறது என்று அம்பத்தூரில் ஓர் இதய டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா நிதானமானவர். இவர் கழுத்தைச் சுற்றி டேப் பிடித்து அளந்தபோது, சட்டை தைக்கப் போகிறாரா என்று எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு கேட்டார்: "தூக்கத்துல குறட்டை விடுவீங்களா? மூச்சுத் திணறுமா? பகல்ல, அதாவது முழிச்சிருக்கிற நேரத்துல, அசதியா இருக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். படுத்தா அடிச்சி போட்ட மாரி தூங்குவேன்" என்றார் இவர்.

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தார். ரயிலில் நின்றுகொண்டே தூங்கி அண்ணனூருக்கும் ஆவடிக்கும் நடுவில் யார் மேலாவது சாய்கிற மனுஷன், சிக்னலில் வண்டியை நிறுத்தினால் பச்சை விழுந்தது தெரியாமல் தலை தொங்குகிற மனுஷன், அசதியே இல்லை என்கிறார். டாக்டர் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்ததும், "எதுக்குய்யா மிதிச்ச?" என்று கேட்டேன். "நீ எதுனா சொல்லி வைப்ப, அவங்க நைட் ஷிப்ட் போகாதன்னுவாங்க. கம்முனு இரு" என்றார்.

ஆனால் டாக்டரம்மாவுக்கு அந்தக் கழுத்தும் அடங்காத பிரஷரும் போதுமானதாக இருந்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டாம். சின்ன மெஷின் ஒன்றை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள், அவர் எப்போது தூங்குவாரோ அப்போது மாட்டிக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் அது காலை டிபனுக்குப் பிறகு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் அவர் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டினாள், மூக்கில் மெல்லிய குழாயைச் செருகினாள், விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். "எதையும் கழட்டிடாம பார்த்துக்குங்கக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அது போதாதா எனக்கு? மற்ற நாளாக இருந்தால் கடைக்குப் போவேன், தைத்ததைக் கொடுத்துவிட்டு வருவேன், சமையல்கட்டில் நிற்பேன். அன்றைக்கு எங்கும் போகவில்லை. குழாய் நழுவிவிடப் போகிறதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஹெம்மிங் போட்டு ஹூக் கட்டிக் கொடுக்க அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வருவாள். அவளும் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்துகொண்டு ஹூக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்ததும் எல்லாம் போட்டது போட்டபடி இருந்ததைப் பார்த்து எனக்கு ஏக திருப்தி.

முடிவு வந்தது. "லேசா ஏதோ இருக்கு, பெருசா ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டரம்மா. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லாத மாதிரிதான் சொன்னார். நாலாவது மாத்திரை எழுதினார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷனில் இரண்டு பேருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்து, "பாத்தியா, மெஷினே சொல்லிடுச்சி. நான் ஜோரா கீறேன். இனிமே என்ன குத்தாத" என்றார். அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து உப்பு என்கிற வார்த்தை வந்தது எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வேர்வை. "இன்னாங்க, இன்னா பண்ணுது?" என்றேன். "நெஞ்சு படபடன்னு அடிச்சிகினு கீது. நிக்க மாட்டேங்குது" என்றார். கையை வைத்துப் பார்த்தேன். ஒரு ஒழுங்கே இல்லாமல், ஓடுவதும் நிற்பதும் தடுக்குவதுமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து அம்பத்தூருக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் அவர் கையை நான் விடவில்லை. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஊசி போட்டுத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரம்மா இந்த முறை என்னைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "இப்போதைக்கு சரியாயிடுச்சும்மா. ஆனா இப்படித் தாளம் தப்பித் துடிக்கிறப்போ இதயத்துக்குள்ள ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். இதயமும் வீங்க ஆரம்பிச்சிருக்கு. காரணம் என்னன்னு கண்டுபிடிக்காம நான் மாத்திரைய ஏத்திக்கிட்டே போக முடியாது." நான் தலையை ஆட்டினேன். பக்கவாதம் என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவும் காதில் சரியாக விழவில்லை.

வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவர் படுத்துத் தூங்கிவிட்டார். நான் மெஷினில் உட்காருவேன், எழுந்திருப்பேன், தண்ணீர் குடிப்பேன், வந்து உட்காருவேன். ஹூக் கட்டுகிற பெண்ணிடம் புலம்பித் தீர்த்தேன். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சி. தூக்க டெஸ்ட்டுகூட எடுத்தாச்சி. எதுலயும் ஒண்ணும் தெரிலன்றாங்க. மூச்சு நிக்குது, நின்னு நின்னு வருது, நான் பாக்கிறேன். மெஷினுக்கு மட்டும் எப்டி தெரியாம போவும்?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கும் நீங்க குத்திகினுதானேக்கா இருந்தீங்க."

"என்னிக்கு?"

"மெஷின் மாட்டிகினு படுத்திருந்தாரே அன்னிக்கு. நிக்க உடாம குத்துனீங்க. இன்னிக்குகூட இப்ப குத்துனீங்க."

என் இடது கையைப் பார்த்தேன். ஸ்கேல் அதில் இருந்தது. எடுத்த ஞாபகமே எனக்கு இல்லை.

முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. பார்த்தவள் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பிறகு அவள் என்ன செய்வாள் பாவம் என்று தோன்றியது. தினமும் பார்க்கிற சங்கதி. நான் குத்துவதும் மெஷின் ஓடுவதும் அவளுக்கு ஒன்றுதான். அவர் மூச்சு நிற்கிறதா என்று பார்க்க வந்த மெஷினுக்கு முன்னால், அது நிற்க விடாமல் காவல் இருந்திருக்கிறேன். மற்ற நாளிலாவது நடுவில் கடைக்குப் போய்த் தொலைவேன். அன்றைக்கென்று பார்த்து அசையாமல் உட்கார்ந்து குத்தியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் ரயிலேறி அம்பத்தூருக்குப் போனேன். ஸ்கேலைப் பையில் எடுத்துக்கொண்டு போனதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. டாக்டரம்மா மேஜையில் அதை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"நீங்க அவரத்தான மேடம் கேட்டீங்க. தூங்குறவருக்கு இன்னா தெரியும்?"

கொஞ்சம் துடுக்காகத்தான் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. காற்று உள்ளே போவதில்லை, ரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறது. உடம்பு பதறிப்போய் ஆளை எழுப்பிவிடுகிறது. அவருக்கு எழுந்தது தெரியாது, ஆனால் அந்தப் பதற்றத்தில் பிரஷர் எகிறுகிறது, இதயம் திடுக்கிட்டு அடிக்கிறது. தூங்குகிற நேரமெல்லாம் இதே கதை. "உடம்பு ஓய்வெடுக்கணும்னு படுக்கிறார். இதயத்துக்கு மட்டும் ஓய்வே கிடைக்கல. நாள் பூரா ஓடின மாதிரி அது வேலை செய்யுது. அப்புறம் மாத்திரை என்ன பண்ணும்?"

"அப்போ நான் குத்துனது நல்லதா கெட்டதா?" என்றேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அவர் ஸ்கேலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "மூச்சு வந்துச்சு. அது நல்லதுதான். ஆனா ஒவ்வொரு குத்துக்கும் அவர் திடுக்கிட்டுத்தானே முழிக்கிறார். இது மருந்து இல்லம்மா. இன்னொரு முறை டெஸ்ட் எடுக்கணும். இந்த முறை நீங்க அவரைத் தொடக் கூடாது."

"தொடாம உட்டு, அப்டியே நின்னுட்டா?"

"நிக்காது. உடம்பே எழுப்பிடும். விரல்ல கிளிப் இருக்கு, அது எல்லாத்தையும் பதிவு பண்ணும். நீங்க தொடாதீங்க."

சொல்வது சுலபம். அதைவிடப் பெரிய பாடு அவரைச் சம்மதிக்க வைப்பது. "ஒருவாட்டி எடுத்தாச்சில்ல? மெஷினே நல்லா கீதுன்னு சொன்னப்பறம் இன்னொரு வாட்டி இன்னாத்துக்கு?" என்று ஒரே பிடியாக நின்றார். ஷிப்ட் பயம் உள்ளே இருந்தது. கெஞ்சினேன், திட்டினேன், கருவாட்டுக் குழம்பு ஆக்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். மசியவில்லை. அவர் மறுத்துப் பேசாத ஆள் உலகத்தில் ஒரே ஒருத்திதான். பல்லைக் கடித்துக்கொண்டு கரையான்சாவடிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, உங்க தம்பி நல்லா தூங்குறாரு, எங்கையில உப்பு ஜாஸ்தின்னு சொல்றீங்கல்ல? ஒரு நாள் வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க. ஒண்ணும் இல்லன்னா அப்பால என்ன இன்னா வேணா சொல்லுங்க."

சவால் விட்டால் அவர் வராமல் இருப்பாரா? தம்பிக்குப் போன் போட்டு, "ஒழுங்கா மெஷின மாட்டிகினு படுடா, நான் வர்றேன்" என்றார். இவரும் சரிக்கா என்றுவிட்டார். சோதனை நாளன்று உப்பே போடாத குழம்பை ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கினார் நாத்தனார். எனக்குச் சமையல் கற்றுக்கொடுக்க.

ஹூக் கட்டுகிற பெண்ணை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லி, ஸ்கேலையும் அவளிடமே முந்தின நாள் கொடுத்தனுப்பிவிட்டேன். கையில் இருந்தால் கை சும்மா இருக்காது. தையல் மெஷினை மூடி வைத்தேன். ஆஸ்பத்திரிப் பெண் பட்டை, குழாய், கிளிப் எல்லாம் மாட்டிவிட்டுப் போனாள். அவர் படுத்தார். குறட்டை கிளம்பியது.

"ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். பாரு, கொழந்த மாரி தூங்குறான்" என்றார் நாத்தனார். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் குறட்டை ஏறியது, நின்றது.

நாத்தனார் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் புரியாமல் தம்பியைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்தார். நெஞ்சு இழுக்கிறது, காற்று இல்லை. ஜன்னல் வழியாக வெயில் இவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உதட்டில் ரத்தம் சுண்டிப்போனது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது தெரிந்தது.

"அய்யோ, மூச்சு வரலமே" என்று நாத்தனார் கையை நீட்டினார்.

அந்தக் கையை நான் பிடித்தேன். "தொடாதீங்க அண்ணி."

"வரலமே. எந்தம்பிமே. உடு என்ன."

"தொடக் கூடாது. டாக்டர் சொல்லிக்கீறாங்க. வரும்."

வரும் என்று வாய்தான் சொன்னது. இவ்வளவு நாளும் வரவழைத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். தானாக வரும் என்று எனக்கு மட்டும் என்ன நிச்சயம்? நாத்தனார் கையை நான் பிடித்திருந்தது அவரைத் தடுக்கவா, என்னைத் தடுக்கவா என்று கேட்டால், என்னைத் தடுக்கத்தான். வராவிட்டால் என்ன செய்வது? சோதனைக்காகப் புருஷனைச் சாக விட்டவள் என்ற பேரோடு மிச்ச நாளைத் தள்ள வேண்டியதுதான். குழாயையும் பட்டையையும் பிய்த்து எறிந்துவிட்டு அவரை எழுப்பி உட்காரவைத்தால் போதும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

வந்தது. உடம்பே ஒரு முறை தூக்கிப் போட, பெரிய இழுப்பாக வந்தது. நாத்தனார் அழ ஆரம்பித்துவிட்டார். சத்தம் போட்டால் இவர் எழுந்துவிடுவார் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மறுபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைய பொழுது முழுவதும் அப்படியே போனது. அடுப்பு பற்ற வைக்கவில்லை, தூக்கைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு, நிற்கிறபோதெல்லாம் கையை இறுக்கி, வருகிறபோது தளர்த்தி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குள் இருந்த சண்டையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை அவர் கேட்டார்: "டெய்லி இதத்தான் கேட்டுகினு தெச்சிகினு இருந்தியாமே?"

நான் ஆமாம் என்றேன்.

சாயங்காலம் எழுந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "இன்னா, எவனாச்சும் செத்துட்டானா?" என்றார். நாத்தனார் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த அம்மா எனக்காகச் செய்த முதல் காரியம் அது.

இந்த முறை முடிவைப் பார்த்த டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. தீவிரம் என்றார். மூச்சு நின்ற நேரமெல்லாம் பிராணவாயு எவ்வளவு இறங்கியது, கூடவே துடிப்பு எப்படி எகிறியது என்று கோடுகளைக் காட்டினார். இவர் உம்மென்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ நடந்திருக்குன்றீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலயே மேடம்" என்றார். தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரிதான் பேசினார். கொஞ்ச நாளைக்காவது நைட் ஷிப்டை மாற்றிக் கேளுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும், அவர் பயந்தது நடந்தே விட்டது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஷிப்ட் மாற்றிக் கேட்கவே இல்லை.

தூங்கும்போது மூக்கில் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்கிற ஒரு கருவி வந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு முதல் நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. "யான தும்பிக்க மாரி கீது, கழட்டு" என்பார். தூக்கத்தில் பிடுங்கி எறிவார். எறிந்ததை எடுத்து மாட்டுவேன். நாத்தனார் தினமும் போன் பண்ணி, உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், "மாட்டிகினானா?" என்று மட்டும் கேட்பார். பழகுவதற்கு நாளாயிற்று. பழகிய பிறகு வீட்டில் குறட்டையே இல்லை.

அதுவும் எனக்கு நிம்மதியாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மெல்லிய காற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காதபோது, காது தானாக அவர் பக்கம் திரும்பும். மெஷினை நிறுத்துவேன். எழுந்துபோய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். ஸ்கேல் திரும்பி வந்துவிட்டது. அதைக் கைக்கெட்டாத ஆணியில் மாட்டியிருக்கிறேன், அப்படியும் இடது கை மெஷின் மேல் தடவும். பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. படபடப்பு திரும்பி வரவில்லை. மாத்திரைகளில் ஒன்றைக் குறைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கும், மற்ற மாத்திரைகளையும் கருவியையும் விட்டுவிடக் கூடாது என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

அன்று திரும்பி வரும்போது அம்பத்தூரில் ரயிலேறினோம். மத்தியான நேரம், உட்கார இடம் இருந்தது. இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். அதுவே எனக்குப் புதுசு. வண்டி நகர்வதற்கு முன்பே தலை தொங்குகிற மனுஷன், திருமுல்லைவாயில் தாண்டியும் விழித்திருந்தார். எதிர் சீட்டில் பேக்டரி சட்டை போட்ட ஒருவர், தடித்த கழுத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை ஏறியது. நின்றது.

என் இடது கை எழுந்துவிட்டது. ஸ்கேலும் இல்லை, அந்நிய ஆள், தொடவும் முடியாது. கையை மடியில் போட்டு மடக்கிக்கொண்டேன். பக்கத்தில் திரும்பினால் இவர் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. அந்த ஆளின் நெஞ்சு இழுத்தது, காற்று வரவில்லை, இவர் கை சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் பெரிய இழுப்பாக மூச்சு வந்தபோது இவரும் மூச்சு விட்டார்.

"நானும் இப்டித்தானா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இதவிட மோசம்."

ரயில் அண்ணனூரில் நின்று கிளம்பியது. எதிர் சீட்டில் குறட்டை மறுபடி ஏறியது, மறுபடி நின்றது. நான் கையை இன்னும் இறுக்கி மடக்கினேன். இவர் எட்டி அந்த ஆளின் முழங்காலில் தட்டினார். அவர் திடுக்கிட்டு விழித்து, பையைத் தடவிக்கொண்டு, "ஆவடி வந்துடுச்சா?" என்றார்.

"இல்ல சார், இன்னும் வரல" என்றார் இவர். கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், ஊட்ல சம்சாரம் கீறாங்களா?" என்று கேட்டார்.

அந்த ஆள் தூக்கக் கலக்கத்தோடு பார்த்தார். "கீறாங்க. ஏன்?"

"அவங்களயும் கூட்டிகினு டாக்டராண்ட போங்க. டாக்டர் எது கேட்டாலும் நீங்க பேசாதீங்க. அவங்கள பேச உடுங்க."